பத்தில் ஒரு புள்ளி

1993 ஆகஸ்டில், மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில், அமெரிக்கக் கால்பந்து ஆடும் மைதானம் ஒன்றில் இரண்டு இளைஞர் குழுக்கள் பித்தளைக் குழல்களும் முரசுகளும் வாசித்தன. ஒன்று நியூ ஜெர்சியின் கேடட்ஸ். மற்றது ஸ்டார் ஆஃப் இண்டியானா. நடுவர்கள் நூற்றுக்கு 97.4 புள்ளிகளைக் கேடட்ஸுக்குக் கொடுத்தார்கள். ஸ்டாருக்கு 97.3. பத்தில் ஒரு புள்ளி வித்தியாசம். ஸ்டார் அதற்குப் பிறகு அந்தப் போட்டிக்கு வரவே இல்லை.

அந்தப் பத்தில் ஒரு புள்ளியை எதை வைத்து அளந்தார்கள்? பல வருடங்களாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது. அப்போது நான் தமிழ்நாட்டில் பள்ளி மாணவன். ஜாக்சன் என்றால் மைக்கேல் மட்டும்தான். இண்டியானாவுக்கு முதுகலை படிக்க வந்த பிறகு, விடுதி அறைத் தோழன் ஒருவன் போட்டுக் காட்டிய தேய்ந்துபோன வீடியோ நாடாவில்தான் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தேன். 2009 முதல் இந்தப் போட்டியின் இறுதிச் சுற்று இண்டியானாபொலிஸில், லூகாஸ் ஆயில் அரங்கில் நடக்கிறது. வேலை ஊர் மாற்றாத ஆகஸ்டுகளில் நான் அங்கே இருப்பேன்.

நம் இதழ்களில் ஜாஸ் பற்றிக் கட்டுரைகள் வருகின்றன. ஃபிளமெங்கோ, ஹிப் ஹாப் பற்றியும் வருகின்றன. டிரம் கோர் பற்றி ஒரு பத்திகூட நான் படித்ததில்லை. இத்தனைக்கும் டெக்ஸாஸிலும் இண்டியானாவிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் பள்ளி பேண்டில் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் தூக்கிக்கொண்டு செப்டம்பர் வெயிலில் நடக்கிறார்கள். வாரயிறுதியில் பாட்டு வகுப்பில் கொண்டுபோய் விடும் பெற்றோர்தான் வெள்ளிக்கிழமை இரவு மைதானத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னதைக் கலை என்கிறோம், பின்னதை ‘ஆக்டிவிட்டி’ என்கிறோம். (கோர் என்பதற்கு ஆங்கிலத்தில் கடைசியில் இரண்டு எழுத்து சும்மா நிற்கும். அதையும் சேர்த்து உச்சரித்து, ‘ஏன்யா, பிணத்துக்கு முன்னால் அடிக்கிற டிரம்மா?’ என்று கேட்ட நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.)

முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள், தங்கள் சங்கங்களின் பெயரில் முரசும் பியூகிளும் கொண்ட குழுக்களை அமைத்தார்கள். தேவாலயங்களும் சாரணர் அமைப்புகளும் கூடச் சேர்ந்துகொண்டன. தெருப் பிள்ளைகள் வந்தார்கள், அணிவகுத்தார்கள், போட்டி போட்டார்கள். போட்டி விதிகள் படைவீரர் சங்கங்களின் கையில் இருந்தன. அறுபதுகளின் முடிவில் பயிற்றுநர்களுக்கு அது மூச்சு முட்டியது. 1971இல் சில குழுக்கள் தங்களுக்குள் கூட்டணி அமைத்துப் பிரிந்தன. 1972இல் விஸ்கான்சினின் ஒயிட்வாட்டரில் முதல் டிரம் கோர் இன்டர்நேஷனல் போட்டி நடந்தது. கலிஃபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென் வென்றது. பிறகு ஒவ்வொரு விதியாக உதிர்ந்தது. 2000த்தில் எந்தச் சுருதியிலும் வாத்தியம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2004இல் ஒலிபெருக்கி வந்தது, 2009இல் சிந்தசைசர். குழுவின் பெயரில் பியூகிள் இருக்கிறது. கையில் இருப்பது டிரம்பெட், மெலோஃபோன், பாரிட்டோன், டியூபா.

இன்று ஒரு குழு என்றால் நூற்றைம்பது பேருக்கு மேல். பதின்ம வயதின் பிற்பாதியிலிருந்து இருபத்தொன்று, இருபத்திரண்டு வரை. அதற்கு மேல் விதி அனுமதிக்காது. மே மாதக் கடைசியில் எங்காவது ஒரு கல்லூரியில் கூடி, நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பயிற்சி செய்து, பன்னிரண்டு நிமிடத்துக்கு மேற்படாத ஒரே ஒரு நிகழ்ச்சியை உருவாக்குகிறார்கள். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை பேருந்தில் நாடு முழுக்க அலைந்து அதையே இருபது, முப்பது முறை நிகழ்த்துகிறார்கள். இரவெல்லாம் பேருந்தில் தூக்கம். விடிகாலையில் ஏதோ ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத் தரையில் காற்றடைத்த மெத்தை. கூடவே ஓடிவரும் லாரியில் சமையல். ஆகஸ்டில் இறுதிச் சுற்று முடிந்ததும் அந்த நிகழ்ச்சி செத்துப்போகிறது. அடுத்த வருடம் வேறு இசை, வேறு களவடிவம், பாதிப் பேர் வேறு ஆட்கள். உலகத்தில் எந்த மேடைக் கலைக்கும் மறு அரங்கேற்றம் என்று ஒன்று உண்டு. இதற்குக் கிடையாது.

அவர்கள் செய்வது எவ்வளவு கடினம் என்று சொல்ல ஒரு சின்னக் கணக்கு போதும். மைதானத்தின் ஒரு கோல் கோட்டிலிருந்து மறு கோல் கோடு வரை நூறு கெஜம், அதாவது 91 மீட்டர். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். இடக்கோடியில் நிற்பவள் ஊதிய ஸ்வரம் வலக்கோடியில் நிற்பவன் காதை அடைய கால் நொடிக்கு மேல் ஆகிறது. நிமிடத்துக்கு 180 துடிப்பு என்ற காலத்தில் ஒரு துடிப்பின் நீளமே மூன்றில் ஒரு நொடிதான். ஆக, அவன் அவளைக் கேட்டு வாசித்தால் முக்கால் துடிப்புக்கு மேல் பிந்திவிடுவான். நமக்குக் கேட்பது சந்தை இரைச்சல். சேர்ந்து வாசிக்கும் எந்த இசையிலும் முதல் பாடம் ‘பக்கத்தில் இருப்பவனைக் கேள்’. இங்கே முதல் பாடம் பக்கவாட்டில் இருப்பவனைக் கேட்காதே. டிரம் மேஜரின் கையைப் பார். கேட்பதானால் உனக்குப் பின்னால் இருப்பவனை மட்டும் கேள்; அவன் ஒலி உன்னைத் தாண்டிப் போகும் கணத்தில் உன் ஒலியும் சேர்ந்து புறப்பட்டால் இரண்டும் ஒன்றாகப் பார்வையாளரை அடையும். களத்தில் நிற்கும் யாருக்கும் தாங்கள் வாசிப்பது சேர்ந்து கேட்பதில்லை. அது சேரும் இடம் எதிரே, அந்நியர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையில்தான். இந்த ஒன்றுக்காகவே இந்தக் கலையின் மேல் எனக்குத் தீராத மரியாதை.

கூடவே நடை. ஐந்து கெஜத்துக்கு எட்டு அடி என்பது அடிப்படைக் கணக்கு. ஓர் அடி 57 சென்டிமீட்டர். பின்னோக்கிப் போகும்போது குதிகால் தரையில் படக்கூடாது. களத்தின் வரைவுகளை மென்பொருளில் போடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தருணத்திலும் ஆயத்தொலைவுகளோடு ஓர் இடம் உண்டு. அதற்கு அவர்கள் மொழியில் ‘டாட்’. தமிழில் புள்ளி என்றுதான் சொல்ல வேண்டும். மதிப்பெண்ணுக்கும் அதே சொல். நூற்றைம்பது பேர், ஆளுக்கு நூறு இடம் என்று வைத்தால் பதினைந்தாயிரம் பதிவுகள். அலுவலகத்தில் இதைவிடச் சிறிய அட்டவணையை மாற்ற மூன்று கூட்டம் போடுவோம். இவர்கள் முந்தின இரவு நடுவர் சொன்ன ஒரு குறைக்காக மறுநாள் காலையில் இருபது இடங்களை மாற்றி அன்றைக்கே வாசிக்கிறார்கள்.

புள்ளிக்கு வருகிறேன். 1983 வரை இருந்த முறைக்கு ‘டிக்’ என்று பெயர். நடுவர்கள் களத்துக்குள்ளேயே ஓடுவார்கள், கையில் அட்டை. ஒருவர் கோடு தவறினால் ஒரு கோடு, ஒரு குச்சி பிந்தினால் ஒரு கோடு. கோடு ஒன்றுக்குப் பத்தில் ஒரு புள்ளி கழியும். 1984இலிருந்து கழித்தலைக் கைவிட்டுக் கூட்டலுக்கு மாறினார்கள். இன்றைய பங்கீடு: பொது விளைவுக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. மென்பொருளில் இருப்பவர்களுக்கு இந்த மாற்றம் உடனே பிடிபடும். பிழைப் பட்டியலை எண்ணிக்கொண்டிருந்த நிறுவனம் திடீரென்று ‘வாடிக்கையாளர் அனுபவம்’ என்று பேச ஆரம்பித்த கதை.

டிக் முறை கொடூரமானது, ஆனால் கோழைத்தனத்தை வளர்த்தது என்பதுதான் அதன் பெரிய குற்றம். கடினமானதைத் தொடாதவனுக்குப் பிழை குறைவு. அதைக் கைவிட்டது நல்லது. ஆனால் ‘பொது விளைவு’ என்ற 40 புள்ளியைப் பாருங்கள். யாருக்கு விளைவு? நடுவருக்கா, மூன்றாம் அடுக்கில் பாப்கார்னோடு இருப்பவருக்கா? அறிவுக்கா, முதுகுத்தண்டுக்கா? விதிப்புத்தகம் இதற்கெல்லாம் சொற்கள் வைத்திருக்கிறது. சொல் வைத்துவிட்டால் அளந்துவிடலாம் என்ற நம்பிக்கை மேலாண்மைத் துறைக்கு மட்டுமானது அல்ல போலும். 2014இல் கலிஃபோர்னியாவின் புளூ டெவில்ஸ் குழு, இத்தாலிய இயக்குநர் ஃபெல்லினியின் திரையுலகை எடுத்துக்கொண்டு செய்த நிகழ்ச்சிக்கு 99.65 கிடைத்தது. இந்தப் போட்டியின் வரலாற்றிலேயே அதிக மதிப்பெண் அதுதான். அது அபாரமான நிகழ்ச்சி, மறுக்கவில்லை. ஆனால் தடுமாற்றத்தையும் குழப்பத்தையும் தன் படங்களின் பொருளாகவே வைத்துக்கொண்ட ஒரு கலைஞரின் பெயரில், குறையென்று 0.35 மட்டும் மிஞ்சும்படி ஒன்றைச் செய்ததில் எனக்கு ஒரு நகைமுரண் தெரிகிறது. அவருடைய தொப்பியையும் சர்க்கஸையும் எடுத்துக்கொண்டார்கள். தடுமாற்றத்தை எடுக்கவில்லை; எடுத்திருந்தால் புள்ளி போயிருக்கும்.

இப்போது 1993.

கேடட்ஸ் எடுத்துக்கொண்டது டேவிட் ஹோல்சிங்கரின் இசை. வசந்தத்தில் மன்னர்கள் போருக்குப் புறப்படுவதைப் பற்றியது. விவிலியத்திலிருந்து வந்த தலைப்பு. டிரம் கோர் எதிலிருந்து பிறந்ததோ அதற்கே திரும்பிய தேர்வு. வேகம், பெருங்கூட்டம், கத்தி வீசியதுபோல் மாறும் வடிவங்கள். கேடட்ஸின் களவேகம் அன்றும் பிறகும் புகழ்பெற்றது. அந்த நிகழ்ச்சியில் குறை என்று விரல் வைக்க எனக்கு இடமில்லை.

ஸ்டார் எடுத்தது சாமுவேல் பார்பரும் பேலா பார்டோக்கும். பார்பரின் மெடீயா இசை 1946இல் மார்த்தா கிரஹாமின் நடனத்துக்காக எழுதப்பட்டது. மெடீயா கணவனின் துரோகத்துக்குப் பழிவாங்கத் தன் குழந்தைகளையே கொன்ற கிரேக்கத் தாய். பார்டோக்கின் படைப்பு தந்தி வாத்தியங்களுக்கும் தாளக் கருவிகளுக்கும் செலஸ்டாவுக்கும் எழுதப்பட்டது. அதில் பித்தளைக்கு இடமே இல்லை. இரண்டையும் எடுத்து, கால்பந்து மைதானத்தில், ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், இருபது வயதுப் பிள்ளைகளின் உதட்டில் வைத்தார்கள்.

டிரம் கோர் ரசிகர் காசு கொடுப்பது சத்தத்துக்கு. நடையை நிறுத்தி, முன்வரிசையில் ஒரே கோடாக நின்று, அரங்கே அதிர முழங்கும் அந்த இடத்துக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பார்க் அண்ட் பார்க்’. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. முதலாவது வண்டியை நிறுத்துவது, இரண்டாவது நாய் குரைப்பது. ஸ்டார் அன்று மிகக் குறைவாகக் குரைத்தது. முழங்கும் இடங்கள் உண்டு, ஆனால் அவற்றுக்கு நடுவில் நீண்ட நேரம் ஒலி தரையோடு ஊர்கிறது. அறுபது கெஜம் தள்ளி நின்றுகொண்டு பலமாக ஊதுவது யாருக்கும் முடியும். அதே தூரத்தில், நடந்துகொண்டே, எழுபது குழல்கள் ஒரு மூச்சளவுக்குக் குறைந்து, சுருதி குலையாமல் நிற்பதுதான் கஷ்டம். வாத்தியக்காரர்கள் வாத்தியத்தோடு வளைந்தார்கள், சாய்ந்தார்கள், நடனக்காரர்களைப் போல உடம்பைப் பயன்படுத்தினார்கள். இன்று எல்லாக் குழுக்களும் செய்வதுதான். அன்று அது ஒழுக்கக் குறைவு போலத் தெரிந்தது. அந்தக் கோடையில் சில அரங்குகளில் பார்வையாளர்கள் ‘பூ’ என்று ஊளையிட்டார்கள்.

ஊளையை வாங்கிக்கொண்டவர்கள் யார்? இசையைத் தேர்ந்தெடுத்தவர்களும் வடிவம் வரைந்தவர்களும் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். அவர்கள் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். களத்தில் நின்றவர்கள் பிள்ளைகள். கோடை முழுக்கத் தரையில் படுத்து, கட்டணமும் கட்டி, தாங்கள் தேர்ந்தெடுக்காத ஒரு துணிச்சலுக்காகத் திட்டு வாங்கினார்கள். அப்படியும் அந்த மெல்லிய இடங்களை அவர்கள் அவசரப்படுத்தவில்லை. பதிவைப் பாருங்கள்: இறுதிச் சுற்றில் அமைதி இன்னும் நீளமாகத்தான் ஒலிக்கிறது. வடிவமைப்பாளர்கள் காகிதத்தில் எழுதித் தந்த துணிச்சல் அந்த இடத்தில் வாசித்தவர்களுடையதாகிவிடுகிறது. டிரம் கோர் பற்றி எழுதுகிறவர்கள் எப்போதும் ‘டிசைன்’ பற்றியே எழுதுகிறார்கள். நிகழ்ச்சிகளை ஓவியத்தைப் போல, வரைந்தவரின் பெயரால் நினைவில் வைக்கிறார்கள். வாசித்தவர்களை எண்ணிக்கையால் மட்டும் சொல்கிறார்கள். ஒரு நாடக விமர்சகர் நடிகரைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசாமல் எழுதினால் நாம் சிரிப்போம்.

எனவே என் தீர்ப்பு: ஸ்டார் தோற்றது அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன், அந்த வாதம் முப்பது வருடமாக நடந்து சலித்துவிட்டது. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்ததுதான் அபத்தம். போருக்குப் போகும் மன்னர்களுக்கும் பிள்ளையைக் கொன்ற தாய்க்கும் இடையே பத்தில் ஒரு புள்ளி தூரம் என்று ஒரு தாள் சொல்கிறது. டிக் காலத்தில் அந்தப் பத்தில் ஒன்றுக்குக் குறைந்தது ஒரு பொருள் இருந்தது, யாரோ ஒருவரின் கால் எங்கோ பிசகியது. 1993இல் அதற்கு அதுவும் இல்லை.

ஸ்டார் பின்னால் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் வாதத்துக்குச் சாதகமாக இல்லை. புளூமிங்டனின் மருத்துவக் கருவித் தொழிலதிபர் பில் குக் தொடங்கிய குழு அது, பணத்துக்குப் பஞ்சமில்லை. போட்டியை விட்டு வெளியேறி மேடைக்குப் போனார்கள். அதிலிருந்து பிறந்த ‘பிளாஸ்ட்!’ என்ற நிகழ்ச்சி லண்டனில் ஓடி, பிராட்வேக்குப் போய், 2001இல் டோனி விருதும் வாங்கியது. வாசித்தவர்களுக்கு முதல்முறையாகச் சம்பளம். மதிப்பெண் தாள் கிடையாது, வயது வரம்பு கிடையாது. கிடைத்த விடுதலையில் என்ன செய்தார்கள்? ராவெலின் பொலேரோவில் தொடங்கி, எல்லாருக்கும் பிடிக்கும்படி, எல்லாரும் கைதட்டும்படி ஒரு நல்ல மாலைப்பொழுதைத் தந்தார்கள். நான் ரசித்தேன். ஆனால் 1993இன் அந்தப் பிடிவாதமான மௌனம் அதில் மையமாக இல்லை. நடுவர்களை விட டிக்கெட் வாங்குகிறவர் கண்டிப்பானவர். நடுவர் குறைந்தபட்சம் கடினமானதற்கு மதிப்பு தருகிறார். அதைக் கேட்டுப் பழகிய காது அவருக்கு இருக்கிறது. போட்டி இல்லாமல் மெடீயாவை யாரும் அரங்கேற்றியிருக்க மாட்டார்கள் என்பதே உண்மையாக இருக்கலாம்.

இருபத்து மூன்று வருடம் கழித்து, 2016இல், ஒஹையோவின் கேன்டன் நகரத்துக் குழுவான புளூகோட்ஸ் ‘டவுன் சைட் அப்’ என்ற நிகழ்ச்சியோடு முதல் பட்டத்தை வென்றது. பெயரிலேயே சீருடை உள்ள குழு. ஓய்வுபெற்ற காவலர்களின் நினைவாக வைத்த பெயர். அவர்கள்தான் சீருடையைக் கழற்றினார்கள். தொப்பியில்லை, இறகில்லை, பித்தளைப் பொத்தான் இல்லை. வெள்ளையில் தளர்ந்த உடை, களத்தில் வளைந்த சறுக்குத் தளங்கள், அவற்றில் வாசித்துக்கொண்டே வழுக்கி இறங்கும் பிள்ளைகள். அந்த நிகழ்ச்சியின் இசை எனக்கு இரண்டாம் பட்சம்தான். பெரிய மாற்றம் முகம் தெரிந்தது. அதற்கு முன் உயரத் தொப்பியின் விளிம்புக்குக் கீழே வாயும் தாடையும்தான் தெரியும். நூற்றைம்பது பேரும் ஒருவரே. இப்போது ஒருத்தி மூச்சு வாங்குவது தெரிகிறது. ஒருவன் சறுக்கி இறங்கும்போது சிரிப்பை அடக்குவது தெரிகிறது. பழைய ரசிகர்கள் ‘பைஜாமா’ என்று கேலி செய்தார்கள். அடுத்த சில வருடங்களில் ஏறக்குறைய எல்லாரும் அந்தப் பைஜாமாவுக்கு மாறிவிட்டார்கள்.

இதில் ஒரு விலையும் இருக்கிறது. முகம் தெரிந்ததும் முகத்தையும் வடிவமைக்க ஆரம்பித்தார்கள். கடந்த சில வருடங்களில், உணர்ச்சியையும் ஒத்திகை பார்த்து எட்டாம் எண்ணிக்கையில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏங்குவதை நீங்கள் பார்க்கலாம். ஒலிபெருக்கியும் சிந்தசைசரும் அதற்கு மேல் சர்க்கரை தூவுகின்றன. அடித்தொண்டையில் ஒரு மின்னணு உறுமல் வந்தால் நமக்கு மயிர்க்கூச்செறியும். அது எழுபது நுரையீரல் செய்த வேலையா, ஒரு விசை செய்த வேலையா என்று காது பிரித்தறியாது. மின்னணுக் கருவிகளை எதிர்ப்பவன் அல்ல நான். ஆனால் மெல்ல ஊதும் துணிச்சலை அவை தேவையற்றதாக்கிவிட்டன. தனி வாத்தியக்காரர் முன்னால் ஒரு மைக்கை வைத்தால் முடிந்தது.

பணம். பெரிய குழுவில் ஒரு கோடைக்கு ஐந்தாயிரம் டாலரைத் தாண்டுவது இன்று சாதாரணம். தவிர விமானச் செலவு, வேலைக்குப் போகாமல் இழந்த மூன்று மாதச் சம்பளம். எழுபதுகளில் ஊருக்கு ஊர் நூற்றுக்கணக்கில் இருந்த குழுக்களில் தெருப்பிள்ளைகள் நடந்தே பயிற்சிக்கு வந்தார்கள். இன்று முதல்நிலைப் பிரிவில் இருபது சொச்சம் குழுக்கள்தான். கேன்டன் குழுவுக்கு டெக்ஸாஸிலிருந்து பறந்து வருகிறார்கள். சான்டா கிளாரா வேன்கார்ட், 2018இல் பட்டம் வென்ற குழு, 2023 பருவத்தில் பண நெருக்கடியால் களமிறங்கவே இல்லை.

கேடட்ஸ் இப்போது இல்லை. 1934இல் தொடங்கிய குழு. 2018இல் அதன் நெடுநாள் இயக்குநர்மீது ஒன்பது பெண்கள் சொன்ன பாலியல் புகார்களை ஃபிலடெல்ஃபியா இன்குவைரர் நாளிதழ் வெளியிட்டது; அவர் பதவி விலகினார். பிறகு, எண்பதுகள் சார்ந்த இன்னொரு பாலியல் வன்முறைப் புகார் வழக்காகி நின்ற நிலையில், 2024இல் குழு மூடப்பட்டது. தொண்ணூறு வருட மரபு போய்விட்டதே என்று பழைய உறுப்பினர்கள் அழுதார்கள். அழட்டும். ஆனால் இந்தக் கலையை விமர்சிக்கிறவன் இதைத் தனி அத்தியாயமாக ஒதுக்கிவைக்க முடியாது. தூக்கம், சாப்பாடு, கழிவறைக்குப் போகும் நேரம் எல்லாவற்றையும் பெரியவர்கள் தீர்மானிக்கும் ஒரு கோடைக்குள், கேள்வி கேட்காமல் இன்னொருமுறை செய்வதே பெருமை என்று கற்றுக்கொடுத்த பிள்ளைகளை நிறுத்துகிறோம். ‘இன்னொரு தடவை’ என்பது இவர்களின் மந்திரம். நம் இசை குருகுலங்களிலிருந்து நாட்டியப் பள்ளிகள் வரை அதே மந்திரத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அங்கே என்னென்ன மறைந்திருந்தன என்பதைச் சென்னையில் சமீப வருடங்களாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். நேர்த்தியைப் பார்த்துக் கைதட்டும்போது அது எந்தச் சூழலில் விளைந்தது என்று கேட்பது ரசனைக்கு வெளியே உள்ள கேள்வி அல்ல.

நண்பர் வீட்டில் ஒரு பெண், பத்தொன்பது வயது, மெலோஃபோன் வாசிக்கிறாள். ஒரு குழுவில் தேர்வாகிவிட்டாள். ‘தரையிலயாடி படுக்கணும்?’ என்றார் அம்மா. அப்பா, ‘இன்டர்ன்ஷிப் போயிடுமே’ என்றார். இரண்டும் நியாயமான கேள்விகள். மூன்றாவது கேள்வியை அவர்கள் கேட்கவில்லை, நான் கேட்கச் சொன்னேன்: பயிற்றுநர்களின் பின்னணியை யார் சரிபார்க்கிறார்கள், புகார் என்றால் குழுவுக்கு வெளியே யாரிடம் போகலாம். எழுத்தில் பதில் வாங்கினார்கள். அதன் பிறகுதான் கையெழுத்து.

கோடை முடிந்து வந்தவளிடம், அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று கேட்டேன். கலை, ஒழுக்கம், குடும்பம் என்று விளம்பரத் தாளில் இருப்பதை எதிர்பார்த்தேன்.

‘அங்கிள், எட்டாவது நிமிஷத்துல ஒரு நோட் வரும், ரொம்ப நீளம். யாராலயும் ஒரே மூச்சுல முடியாது. அதனால நான் மூச்சு எடுக்கும்போது பக்கத்துல இருக்கறவ விடமாட்டா. அவ எடுக்கும்போது நான் விடமாட்டேன். யார் எப்போ எடுக்கறாங்கன்னு ஆடியன்ஸுக்குத் தெரியக்கூடாது. அவ்ளோதான்.’

‘தெரிஞ்சா?’

‘ஜட்ஜுக்குத் தெரியும்.’ சிரித்தாள். ‘பாயின்ட் போயிடும்.’

இண்டியானாபொலிஸுக்கு ஆகஸ்டில் வருகிறவர்களுக்கு ஒன்று. லூகாஸ் ஆயில் அரங்கின் கூரையும் சுவர்களும் ஒலியைப் பிடித்துப் பிசைந்துவிடும். நல்ல இருக்கைக்கு நிறையச் செலவழித்தும் பாதி முரசு எதிரொலியில் கரைந்துவிடும். மாலையில் சீக்கிரம் வந்து, குழுக்கள் பயிற்சி செய்யும் வாகன நிறுத்தத்துக்குப் போங்கள். காசு கிடையாது. ஸ்னேர் வரிசையிலிருந்து பத்தடியில் நிற்கலாம். முரசின் கெவ்லார் தோல் பலகையைப்போல் இறுகியிருக்கும். குச்சி விழும் சத்தம் நெஞ்செலும்பில் படும். பாரடிடில், ஃபிளாம் என்று அவர்கள் அடிகளுக்கு வைத்திருக்கும் பெயர்கள் எல்லாம் வாயால் சொன்னாலே தாளம் வரும் பெயர்கள். கொன்னக்கோல் தெரிந்தவர்களுக்கு உடனே பிடித்துவிடும். ஒன்பது பேர் ஒரு குச்சியாக அடிக்கிறார்களா என்று பாருங்கள். மெட்ரோனோமை நிறுத்திய பிறகும் பாருங்கள், அப்போதுதான் தெரியும். பக்கத்தில் பெற்றோர் யாராவது தண்ணீர்ப் பெட்டியோடு நிற்பார்கள். அவர்களிடம் எந்த ஊர் என்று கேளுங்கள்.